பூஜ்ஜியம் ஜூல்: சாமி தூக்குவோர் செய்யாத வேலை குறித்து ஓர் ஆராய்ச்சி

பங்குனி உத்திரத்தன்று எங்கள் தெருவில் சாமி புறப்பாடு. விக்கிரகம், வாகனம், தண்டு, பூவலங்காரம் எல்லாம் சேர்த்து 500 கிலோ என்று கொள்க. (தராசில் வைத்துப் பார்க்க அர்ச்சகர் இசையவில்லை. ஆய்வின் முதற்குறை அது.) பதினாறு பேர் தோள் கொடுத்தார்கள். நான்கு வீதியும் சுற்றி, புறப்பட்ட மண்டபத்துக்கே வந்து இறக்கினார்கள். வேட்டி நனைந்து, தோள் கன்றிப்போய்த் திண்ணையில் சாய்ந்திருந்த ஒருவரை அணுகி, "அண்ணே, இயற்பியல்படி நீங்க இன்னிக்கு ஒரு வேலையும் செய்யல" என்று இவ்வாய்வாளர் தெரிவித்தார். அவர் அளித்த மறுமொழி அச்சுக்குரியதன்று.

ஆனால் கணக்கு கணக்குத்தான். விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் வேலை. அந்த நகர்வும் விசையின் திசையில் இருக்க வேண்டும். தோள் தள்ளுவது மேலே. சாமி போவதோ தெருவாக்கில். இரண்டுக்கும் நடுவே 90 பாகை. கொசைன் 90 என்பது பூஜ்ஜியம். ஆகவே நான்கு வீதி சுற்றினாலும் நானூறு வீதி சுற்றினாலும் தோள் செய்த வேலை பூஜ்ஜியம் ஜூல்.

தரையிலிருந்து தூக்கினார்களே, அது? நியாயமான கேள்வி. ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு 500 கிலோவைத் தூக்க 7,350 ஜூல் ஆகும். பதினாறால் வகுத்தால் ஆளுக்கு 459. ஒரு கிராம் சர்க்கரையில் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 16,700 ஜூல். ஆக, புறப்பாடு முடிந்ததும் தொன்னை நிறையக் கொடுத்த சர்க்கரைப் பொங்கலில் இயற்பியல் ஒப்புக்கொள்ளும் கூலி, எறும்பு இழுத்துப் போகும் ஒரு துணுக்கு. மண்டபத்தில் சாமியை இறக்கியபோது அந்த 459-உம் கழிந்துவிட்டது. மீதிப் பொங்கலுக்கு ரசீது இல்லை.

அப்படியானால் வியர்வை எங்கிருந்து வந்தது? சுவரில் அடித்த ஆணி தாத்தாவின் படத்தை நாற்பது வருஷமாகத் தாங்குகிறது. ஒரு வாய் காப்பி கேட்டதில்லை. தசைக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அதற்குள் மயோசின் என்ற புரதம் ஆக்டின் இழையைக் கொக்கிபோலப் பற்றும், இழுக்கும், விடும், மறுபடி பற்றும். ஒவ்வொரு பற்றலுக்கும் ஓர் ஏடிபி மூலக்கூறு செலவு. தண்டு தோளில் அசையாமல் இருக்கும்போதும் உள்ளே கோடிக்கணக்கான கொக்கிகள் மாறி மாறிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன; அந்தச் செலவெல்லாம் வெப்பமாகி வெளியேறுகிறது. சாமி நிற்கும் இடங்களில் தண்டுக்கு முட்டுக் கொடுக்கிறார்களே ஒரு கட்டை, அது இதே காரியத்தை இலவசமாகச் செய்கிறது. கட்டையைவிட மனிதன் எவ்வகையில் உயர்ந்தவன் என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

தேர் இழுப்பவர்களுக்கு இந்த அவமானம் இல்லை. திருவாரூர் ஆழித்தேரின் வடம் எந்தப் பக்கம் இழுபடுகிறதோ தேரும் அந்தப் பக்கமே போவதால், அது சுத்தமான நேர்க்குறி வேலை. (வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கூடவே நடப்பவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.) சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர் செய்வது எதிர்க்குறி வேலை: அவர் கொடுக்கும் விசை ஒரு பக்கம், தேர் போவது மறுபக்கம். பாடநூல் பக்கக்கணக்கில் விளக்குவதை 'முட்டுக்கட்டை போடுறான்' என்று தமிழ் இரண்டு சொல்லில் முடித்துவிட்டது. இன்னொன்று: நாம் ஆற்றல் என்பதை இலங்கைப் பாடநூல்கள் சக்தி என்கின்றன, நம் திறன் அங்கே வலு. வேலை மட்டும் இரு கரையிலும் வேலையே.

இனி வேதியியல். இங்கே தோளுக்கு மதிப்பில்லை, ஆவிக்கு உண்டு. இட்லிப் பானையில் 18 கிராம் தண்ணீர், அதாவது ஒரு மோல், 100 பாகையில் ஆவியாக 40.7 கிலோஜூல் வாங்கிக்கொள்கிறது. முப்பது லிட்டராக விரியும்போது, ஏற்கெனவே அந்த இடத்தில் குடியிருக்கும் காற்றை விலக்கியாக வேண்டும், திருவிழாக் கூட்டத்தில் 'வழி விடுங்க, வழி விடுங்க' என்று போவதுபோல. அதற்கு மட்டும் 3.1 கிலோஜூல். பதினாறு ஆண்பிள்ளைகள் நான்கு வீதியில் சாதிக்காததை ஒரு கரண்டித் தண்ணீர் அடுப்படியில் சாதிக்கிறது.

அந்த 3.1-க்கு முன்னால் கூட்டல் குறியா, கழித்தல் குறியா என்பதில் இரு துறைகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆவி வெளியே வேலை செய்தால் அது நேர்க்குறி என்கிறது இயற்பியல்; எதிர்க்குறி என்கிறது வேதியியல். பிளஸ் ஒன் மாணவன் ஒரு பீரியடில், கொடுத்த வெப்பத்திலிருந்து வேலையைக் கழிக்கிறான். மணி அடித்ததும் கூட்டுகிறான். இரண்டிலும் அக ஆற்றலுக்கு ஒரே விடை வரும் என்று அவனிடம் யாராவது மொய் நோட்டை விரித்துக் காட்டியிருந்தால் போதும். அதே ஐந்நூறு ரூபாய், கல்யாண வீட்டு நோட்டில் வரவு, நம் வீட்டு நோட்டில் செலவு. நீராவி இயந்திரம் வைத்திருந்தவர்களுக்கு இயந்திரம் தருவது வரவு. வேதியியலார் குடுவைக்குள்ளேயே குடியிருப்பவர்கள். வெளியே போவதெல்லாம் அவர்களுக்குச் செலவு.

எல்லாவற்றுக்கும் மூலம் பிரான்சின் கொரியாலிஸ். இயந்திரங்களின் கணக்கைப் பற்றி 1829-இல் எழுதிய நூலில், விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவதற்கு 'வேலை' என்று பிரெஞ்சில் பெயர் வைத்தவர் அவர். இயந்திரத்துக்குத் தைத்த சட்டை அது. அதைத்தான் தோள்காரருக்கு மாட்டிவிட்டுப் பொருந்தவில்லை என்கிறோம்.

அவர் பெயராலேயே ஒரு விசை உண்டு. வங்கக்கடல் புயல்களை இடஞ்சுழியாகச் சுழலவைப்பது அதுதான். அது எப்போதும் நகர்வுக்குச் செங்குத்தாகவே இருக்கும் என்பதால் இன்றுவரை ஒரு ஜூல் வேலைகூடச் செய்ததில்லை. மறுநாள், சமாதானம் பேசப் போன இடத்தில், தோளில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் இதைச் சொன்னேன்.

"அதுவும் நம்ம ஆளுதானா?" என்றார். பிறகு, "வர்ற வருஷம் தெக்கு வீதி முனையில ஒரு ஆள் கொறையுது. நீங்க வந்துடுங்க. வேலை ஒண்ணும் இருக்காது."