மீன் கற்பித்த வைத்தியம்

கேள்வி: வலை இழுத்து இடுப்பு வலி கண்ட என் தகப்பனாருக்கு மின்சாரச் சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள். மின் திருக்கையை மிதித்துத் துடித்தவர் அவர். மின்சாரம் என்றாலே நடுங்குகிறார். செய்யலாமா? (வாசகர், பாம்பன்)

பதில்: தாராளமாகச் செய்யலாம், அவர் அஞ்சும் அந்த மீனே இச்சிகிச்சையின் மூதாதை. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்னும் வைத்தியர், கீல்வாத உபாதையால் வருந்துவோரை ஈரக் கடற்கரையில் உயிருள்ள மின் திருக்கையின்மீது முழங்கால்வரை மரத்துப்போகும் மட்டும் நிற்கவைக்கும்படி எழுதிவைத்தார். மின்சாரம் வலியைத் தணிப்பது ஏன் என்பதை விளக்கும் வகையில், ஸ்பரிச உணர்ச்சியைச் சுமக்கும் தடித்த நரம்புகள் கிளர்ச்சியுற்றால், முதுகுத்தண்டில் வலி நுழையும் கதவு சாத்திக்கொள்ளும் என்ற சித்தாந்தத்தை 1965-இல் மெல்ஸாக், வால் என்னும் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். மீனின் அதிர்ச்சியை மட்டுப்படுத்த எவராலும் இயலாது. இச்சிகிச்சைக்கென்று பாட்டரியில் ஓடும் ‘டென்ஸ்’ என்னும் கருவியோ தங்கள் தகப்பனாரின் கட்டைவிரலுக்குக் கட்டுப்பட்டது. தோலில் ஒட்டிய பட்டைகளின் கீழ் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கும், அவ்வளவே. சிலருக்கு நல்ல சாந்தி கிட்டும், சிலருக்குக் கிட்டாது. நோயின் மூலத்தை அது தீர்ப்பதுமில்லை. இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேளாமல் தொடலாகாது. கழுத்தின் முன்புறத்தில் எவரும் ஒட்டலாகாது.