வாய் திறக்காத முனிவரின் வாக்குமூலம்

மலேசியாவில் பாசிர் கூடாங் என்று ஓர் ஊர். மலாயில் பாசிர் என்றால் மணல், கூடாங் என்றால் கிடங்கு. நம் பக்கத்துக் கிடங்குதான் எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்து மலாயில் 'கூடாங்' ஆயிற்று, வெள்ளைக்காரன் வாயில் 'கோடவுன்' ஆயிற்று என்று சொல்லாய்வாளர்கள் சொல்வார்கள். வாய் மாறியதும் ஒரு சொல்லுக்கே இந்தக் கதி. பாசிர் கூடாங்கில் ஒரு தமிழர் பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, போய்த் தமிழில் சொல்லி, இன்ஸ்பெக்டர் அதை மலாயில் எழுதினால், அந்த வாக்குமூலம் என்ன பாடுபடும்?

வார்த்தையை வைத்தே பொய்யைப் பிடிக்கலாம் என்று ஒரு வித்தை 1980களிலிருந்து உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இஸ்ரேலியப் போலீசில் பொய்காட்டும் கருவியை இயக்கிய அவினோவாம் சபீர் கண்டுபிடித்தது. பெயர் 'ஸ்கேன்', ஆஸ்பத்திரி ஸ்கேன் இல்லை. எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தை வரிவரியாகத் துழாவுவார்கள். 'நான்' எங்கே காணாமல் போகிறதோ அங்கே ஆள் நழுவுகிறான் என்பது அதன் முக்கியமான சூத்திரங்களில் ஒன்று.

இதை நம்மவரிடம் காட்டிப் பாருங்கள். "காலையில எந்திரிச்சேன், பசியாறினேன், பஸ் ஏறினேன், வேலைக்குப் போனேன்." மருந்துக்குக்கூட ஒரு 'நான்' இல்லை. வினைமுற்றின் வாலிலேயே ஆளை ஒட்டி வைத்திருக்கும் மொழிக்குத் தனியாக 'நான்' எதற்கு? சபீர் கணக்குப்படி தொல்காப்பியர் தொடங்கி மொத்தத் தமிழ்ச் சாதியும் பொய்யர்கள்தான். "நான் எந்திரிச்சேன், நான் பசியாறினேன்" என்று வரிக்கு வரி 'நான்' போடுகிறவரைப் பார்த்தால்தான் நமக்குச் சந்தேகம் வரும். அவர் தேர்தலில் நிற்கப் போகிறார். இதே பேச்சு மலாய் ரிப்போர்ட்டில் ஏறும்போது வரிக்கு வரி 'சாயா', அதாவது 'நான்', வந்து உட்கார்ந்துகொள்ளும். தமிழில் பொய்யராக உள்ளே போனவர், மலாயில் அரிச்சந்திரனாக வெளியே வருவார்.

இது சிரிப்பு. வினை வேறிடத்தில் இருக்கிறது. "அவன்தான் எடுத்தானாம்" என்று ஒருவர் சொல்கிறார். அந்த 'ஆம்' ஒன்றே 'நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான்' என்று சத்தியம் செய்துவிடுகிறது. எழுதுகிறவர் அவசரத்தில் அந்த ஈரெழுத்து வாலை நறுக்கிவிட்டால், வதந்தி கேட்டவர் கண்கண்ட சாட்சி ஆகிவிடுவார். 'நாங்க போனோம்' என்பதற்குக் 'காமி'யும், 'நாம போனோம்' என்பதற்குக் 'கித்தா'வும் மலாயில் இருப்பது நம் அதிர்ஷ்டம். ஆனால் இரண்டையும் மாற்றிப் போட்டால் திருட்டில் இன்ஸ்பெக்டருக்கும் பங்கு உண்டு என்று ஆகும்.

ஆளை மறைப்பதில் மட்டும் இரண்டு மொழியும் சம்பந்திகள். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு 'கொட்டப்பட்டது', ஆயிரக்கணக்கானோர் 'பாதிக்கப்பட்டனர்', 111 பள்ளிகள் 'மூடப்பட்டன'. கொட்டியவன் எந்த 'பட்டது'க்குள் ஒளிந்திருக்கிறான்? ஸ்கேன்காரர்கள் பாசிர் கூடாங்குக்கு வந்தால் முதலில் செய்தி எழுதியவர்களைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள்.

சபீருக்கு முன்பே இந்தக் கடையை விரித்தவர் கௌடில்யர். வழக்காடுகிறவன் கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றைப் பேசினாலோ, முன்னால் சொன்னது பின்னால் சொன்னதோடு ஒட்டாவிட்டாலோ, வழக்குத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு அபராதம் என்கிறது அர்த்தசாஸ்திரம். (இந்தச் சட்டம் இன்று கல்யாண வீடுகளுக்குப் பொருந்தினால் அரசுக்கு வரியே தேவையில்லை.) திருட்டு வழக்கில் பிடிபட்டவனிடம் ஊர், பெயர், தொழில், சொத்து, கூட்டாளி, முந்தின நாள் என்ன செய்தான், ராத்திரி எங்கே படுத்தான் என்று கேட்டு, ஒவ்வொன்றையும் விசாரித்துப் பார் என்கிறார். நல்ல போலீஸ் மூளை.

அதே அத்தியாயத்தில் ஓர் எச்சரிக்கையும் தருகிறார்: வலிக்குப் பயந்து, திருடாதவனும் 'நான் திருடன்' என்று சொல்லிவிடுவான். உதாரணம், மாண்டவ்யர். இந்த மாண்டவ்யர்தான் மகாபாரதத்து ஆணிமாண்டவ்யர். அங்கே அவர் மௌன விரதம். காவலர்கள் கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் கழுவேறியவர். கௌடில்யரின் ஏட்டில் வாய் திறந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்! வாயே திறக்காத முனிவருக்கும் வாக்குமூலம் தயாராகிவிட்டது. அடி பொறுக்காமல் வரும் ஒப்புதல் பொய்யாக இருக்கும் என்று சொல்லிய கையோடு, அந்த மேதை பதினெட்டு வகைச் சித்திரவதைக்குப் பட்டியல் போடுகிறார். கை வேறு, வாய் வேறு.

மதுரையில் நடந்ததோ இன்னும் மோசம். கோவலனிடம் வாக்குமூலமே வாங்கவில்லை. பாண்டியனுக்கு அப்போது கோப்பெருந்தேவியின் ஊடலைத் தீர்க்கப் போகிற அவசரம். நீளமாகப் பேசியவன் பொற்கொல்லன் ஒருவன்தான். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று காவலர்கள் தயங்கியதும், மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடர்களின் எட்டுத் துணைகளையும் வரிசையாக ஒப்பித்து, கதையும் சொல்லி ஒரு சொற்பொழிவே நடத்திவிட்டான். திருட்டுக்கலையில் இவ்வளவு தேர்ச்சி உனக்கு எப்படி வந்தது என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்ணகி வந்துதான் ஊர், குடி, கணவன், தன் பெயர் என்று கௌடில்யர் கேட்டபடியே எல்லாம் சொல்லி, சிலம்பையும் உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்புக்குள் முத்து, இவள் சிலம்புக்குள் மாணிக்கம். யார் முகத்தையும் பார்க்காமல், யார் பேச்சையும் அலசாமல் தீர்ந்த வழக்கு.

பிறகு கம்பெனிக்காரன் வந்தான். சென்னை ராஜதானியில் வரி வசூலுக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் ஒரே கருவிதான்: கிட்டி. இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து எலுமிச்சம்பழம் பிழிவதுபோல நெரிப்பது. கண்ணுக்கு மிளகாய். ஊர் சிரித்த பிறகு எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூவரை வைத்து விசாரணைக் குழு போட்டார்கள். 1855-இல் அறிக்கை வந்தது. கிட்டியும் மிளகாயும் உண்மைதான் என்றது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் எழுதிய 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு ஒரே போடாகப் போட்டது: போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரியாத சர்க்கார், கண்டுபிடிக்கிறவரையே நம்பாமல் விட்டது. இந்த விஷயத்தில் வெள்ளைக்காரனிடமிருந்து வந்த புத்திசாலித்தனமான காரியம் இது ஒன்றுதான் என்பது என் கட்சி.

அந்தச் சட்டமும் கிடங்கு போலவே கப்பலேறியது. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும் 25-ஆம் பிரிவு உண்டு. ஆனால் கடல் காற்று பட்டதில் சின்ன மாற்றம்: 'இன்ஸ்பெக்டருக்குக் கீழே உள்ள' போலீஸ்காரரிடம் சொன்னால்தான் செல்லாது. தோள்பட்டையில் நட்சத்திரம் ஏறியதும் காது சுத்தமாகிவிடும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. அந்தக் காலத்தில் மலாயில் போலீசை 'மாதா-மாதா' என்பார்கள். மாதா என்றால் கண். காதைப் பற்றி அப்போதே யாரும் உத்தரவாதம் தரவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 113-ஆம் பிரிவைத் திருத்தி, 2007-இல்தான் இன்ஸ்பெக்டர்களுக்கும் அந்தக் கதவைப் பெரும்பாலும் சாத்தினார்கள்.

காது பிசகிய கதை வெள்ளைக்காரன் ஊரிலும் உண்டு. லண்டனில் டிமத்தி எவன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு ஆள். எழுத்து வாசனை அதிகம் இல்லாதவர். 1949-இல் போலீசிடம் நான்கு வாக்குமூலம் கொடுத்தார்; 1950 மார்ச்சில் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கில் போட்டார்கள். கீழ்வீட்டுக்காரர் கிறிஸ்டி பல பெண்களைக் கொன்றவர் என்பது பிறகுதான் வெளியே வந்தது. 1968-இல் யான் ஸ்வார்ட்விக் என்ற சுவீடன் மொழியியலாளர் அந்த வாக்குமூலங்களின் இலக்கணத்தைப் பிரித்துப் பார்த்தார். குற்றத்தை ஒப்புக்கொண்ட பகுதிகளின் நடை மற்ற பகுதிகளோடு ஒட்டவில்லை. போலீஸ் நடை அங்கே எட்டிப் பார்த்தது. மாண்டவ்யர் மறுபடியும் வாய் திறந்திருக்கிறார்.

ஸ்கேனை ஆய்வாளர்கள் சோதித்தபோது அது உண்மையையும் பொய்யையும் பிரித்துக் காட்டவில்லை. மனிதரின் கண்ணும் காதும் மட்டும் என்ன வாழ்ந்தது? 2006-இல் உளவியலாளர்கள் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். பொய்யா மெய்யா என்று நூறு முறை சொல்லச் சொன்னால், சராசரி ஆள் 54 முறை சரியாகச் சொல்வார். காசு சுண்டினால் 50.

ஆகவே, பாலாயில் சொன்னதையெல்லாம் எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டும்போது பேனாவைக் கீழே வையுங்கள். நீங்கள் எந்த மொழியில் சொன்னீர்களோ அந்த மொழியிலேயே படித்துக் காட்டி, திருத்த வாய்ப்பும் கொடுத்த பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறது மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு. தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த 'ஆம்' இருக்கிறதா என்று கேளுங்கள்.