காணும் நானா

கற்பிட்டிக் குடாநாட்டில் ஏதாவது ஒன்றை இழுக்காத வாகனம் குறைவு. பள்ளிவாசல்துறை மணல் ஒழுங்கைகளில் லேண்ட்மாஸ்டர் வெங்காய மூட்டையை இழுக்கும், டிரெக்டர் உரத்தையும் தேங்காயையும் இழுக்கும், கெப் ஃபைபர் போட்டை டிரெயிலரோடு கரைக்கு இழுத்து வரும். இழுக்கிறதற்கும் இழுபடுகிறதற்கும் நடுவில் இருப்பது ஒரு பின், அல்லது 'போல்' எனப்படும் ஓர் இரும்பு உருண்டை. அது கழன்றுவிட்டால் பிடித்துக்கொள்ளத்தான் சங்கிலி. இந்தச் சங்கிலி விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல ஊருக்கு ஒருவர் இருப்பார். அவருடைய பெயர் எதுவாகவும் இருக்கட்டும், "காணும் நானா" என்றால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, புதிதாக வந்த வாகனத்துக்குப் பின்னால் நின்று, செருப்புக் காலால் சங்கிலியை ஓர் உதை உதைப்பார். சத்தம் வந்தால் சோதனை முடிந்தது. "காணும் தம்பி, எடுங்க வண்டிய" என்பார். குனிந்து பார்க்கும் பழக்கம் அவருடைய பரம்பரையிலேயே கிடையாது.

அவரைக் கஞ்சன் என்று நினைப்பவர்கள் ஆளைச் சரியாகப் படிக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குக் கதவு மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் ஒட்டுப்போட்ட பழைய கெப்பில் காலந்தள்ளிவிட்டு இப்போது புதிதாக ஒன்றை எடுத்தவர், அதற்கு சீட் கவர், ஊரை எழுப்பும் ஹோர்ன், முன்கண்ணாடியை முக்கால்வாசி மறைக்கும் 'மாஷா அல்லாஹ்' ஸ்டிக்கர் எல்லாம் பூட்டியிருக்கிறார். இத்தனைக்கும் செலவழித்தவருக்கு ஒரு முழச் சங்கிலியும் இரண்டு ஷெகலும் பாரமா? சோம்பேறி என்றும் சொல்ல முடியாது. விடிவதற்கு முன் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டி முடிக்கிறவர். அவருடைய கோளாறு கணக்கில் இருக்கிறது. சங்கிலியை அவர் டிரெயிலரின் உறுப்பு என்று எடுத்துக்கொண்டார். பழைய கெப்புக்குப் பொருந்திய டிரெயிலர் புதுக் கெப்புக்கும் பொருந்தும், டிரெயிலரோடு பிறந்த சங்கிலியும் பொருந்தும் என்பது அவர் கட்சி. உண்மையில் அந்த நீளம் டிரெயிலருக்கும் சொந்தமில்லை, கெப்புக்கும் சொந்தமில்லை. இரண்டும் சேர்ந்து நிற்கும் நிலைக்கு எடுத்த அளவு அது. ஒன்று மாறினால் அளவு போய்விடும்.

எப்படிப் போகும் என்பதற்கு நானாவின் முற்றத்திலேயே சாட்சி நிற்கிறது. புதுக் கெப் பழையதைவிட உயரம். போலும் மேலே ஏறிவிட்டது. சங்கிலி மாட்டும் வளையம் பழையதில் போலுக்குப் பக்கத்தில் இருந்தது, புதியதில் ஒரு சாண் உள்ளே தள்ளி இருக்கிறது. ஆகவே சங்கிலி கட்டையாகிவிட்டது. நேராகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. பாலாவி - கற்பிட்டி வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் திருப்பும்போது வெளிப்பக்கத்துச் சங்கிலி விறைத்து, ஒன்று தான் அறும், அல்லது மாட்டியிருக்கும் இடத்தை நெம்பும். நானா இதற்கு நைலோன் கயிறு போட்டு நீட்டுவார். இழுக்கும் வாகனம் தணிவானதாக இருந்தால் பிரச்சினை தலைகீழ்: சங்கிலி நீண்டு தரையில் உரசும். மணலில் அது உரசுவது காதுக்கு எட்டாது. தார் வீதியில் பொறி பறக்கப் பறக்கக் கண்ணிகள் தேயும். இதற்கு நானாவின் கைவைத்தியம் முடிச்சு. சங்கிலியின் கண்ணி நேராக இழுபடுவதற்குச் செய்யப்பட்டது. முடிச்சுக்குள் அகப்பட்ட கண்ணி பக்கவாட்டில் வளைபட்டு, தாங்க வேண்டிய பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்காது. பாரம் தூக்கும் தொழிலில் சங்கிலியை முடிச்சுப் போடக்கூடாது என்பது முதற்பாடம். நானா வெல்டிங் கடைக்குப் போய்ப் பழைய நங்கூரச் சங்கிலியில் நாலு கண்ணியை வெட்டி ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. வெப்பமூட்டிப் பதப்படுத்திய உரமான சங்கிலியென்றால், ஒட்டின இடத்தில் அந்தப் பதம் போய்விடும். பார்வைக்கு மட்டும் புதிதாகப் பளபளக்கும்.

எல்லாவற்றிலும் அழகானது அவர் சங்கிலியை மாட்டத் தேர்ந்தெடுக்கும் இடம். புதுக் கெப்பின் சட்டத்தில் வளையம் எங்கே என்று தேடக் குனிய வேண்டுமே. எனவே போலின் கழுத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி விடுவார். போல் முறிந்தால் பிடிக்க வந்த சங்கிலி அந்தப் போலோடேயே கழன்று போகும். நங்கூரக் கயிற்றின் மறுமுனையையும் நங்கூரத்திலேயே கட்டிக் கடலில் எறிகிற காரியம் இது. அந்தக் கயிற்று விஷயத்தில் ஒரு நாளும் தவறாத மனிதர்தான், தரைக்கு வந்ததும் இப்படிச் செய்கிறார். சிலர் பம்பரில் கட்டுவார்கள். இந்தக் காலத்துப் பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக். அது டிரெயிலரை நிறுத்தாது, டிரெயிலரோடு சேர்ந்து பயணம் போகும்.

நானாவிடம் மறுப்புகளுக்குப் பஞ்சமில்லை, சிலவற்றில் நியாயமும் உண்டு. "இத்தின வருஷம் பின் கழறல்ல" என்பது முதலாவது. கழலாமல் இருந்தது பழைய ஜோடி. போல்களில் 47.6 மில்லிமீற்றரும் உண்டு, 50 மில்லிமீற்றரும் உண்டு. கையில் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பெரியதற்கான மூடி சின்னதன் மேல் கச்சிதமாக உட்கார்ந்து பூட்டியதுபோலவே காட்டும், பள்ளத்தில் ஒரு துள்ளுத் துள்ளும்வரை. "நாங்க என்ன ஹைவேயிலயா ஓடுறோம்?" என்பது அடுத்தது. மணிக்கு 40 கிலோமீற்றர் என்றால் விநாடிக்கு 11 மீற்றர். கழன்ற பெட்டி அந்த வேகத்தில் எதிரே வரும் நுரைச்சோலைப் பஸ்ஸைப் பார்த்து ஒதுங்காது. லேண்ட்மாஸ்டரில் கூத்து இன்னும் பெரிது: ஓட்டுகிறவர் உட்காருவதே பெட்டியில்தான். பின் கழன்றால் கைப்பிடி கையைவிட்டு நழுவ, அவரையும் மூட்டைகளையும் விட்டுவிட்டு எஞ்சின் தன் பாட்டில் பிரிந்துவிடும்.

"ஐரோப்பாவில சங்கிலியே இல்லையாம்" என்று வெளிநாட்டு வீடியோ பார்த்த மருமகன் எடுத்துக் கொடுப்பார். பாதி உண்மை. அங்கே 1.5 தொன்னுக்கு மேற்பட்ட டிரெயிலர் கழன்றால் தானாகவே பிரேக் பிடிக்க வேண்டும் என்பது விதி. அதற்குக் குறைந்த, பிரேக் இல்லாதவற்றுக்குச் சங்கிலியோ கம்பிவடமோ வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2.5 தொன்னிலிருந்து 3.5 தொன் வரை இரண்டு சங்கிலி கட்டாயம். நானாவின் போட் டிரெயிலரில் பிரேக் எங்கே இருக்கிறது என்று மருமகன்தான் காட்டித் தர வேண்டும். கனமான மறுப்பு ஒன்றுதான்: கழன்ற பெட்டியைச் சங்கிலி பிடித்துவைத்தால் அது இழுக்கிற வாகனத்தையும் சேர்த்துப் புரட்டாதா? அளவில்லாமல் தொங்கும் ஒற்றைச் சங்கிலியென்றால் புரட்டக்கூடும்தான். பெட்டியின் மூக்கு தார்வீதியில் குத்தி நிற்கும். அதனால்தான் இரண்டு சங்கிலியை மூக்குக்குக் கீழே குறுக்காக மாற்றி மாட்டுவது. கழன்ற மூக்கு தரையைத் தொடாமல் அந்தக் குறுக்கில் வந்து விழுந்து தங்கும், மெதுவாக நிறுத்தலாம். அதுவும் நீளம் சரியாக இருந்தால் மட்டும். மறுபடியும் வந்து சேர்கிற இடம் அளவுதான். கடைசியாக, "அல்லாஹ் பாத்துக்குவான்". இதற்கு வெளியாள் பதில் சொல்லத் தேவையில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன செய்தியை ஜும்ஆவில் நானாவே பல தடவை கேட்டுத் தலையாட்டியிருக்கிறார்.

செய்ய வேண்டியது அரை மணி வேலை. சமதரையில் டிரெயிலரைப் பூட்டி, சங்கிலிகளைக் குறுக்காக மாற்றி, வாகனச் சட்டத்தில் இருக்கும் வளையத்தில் மாட்டுங்கள். இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள்; விறைக்கவும் கூடாது, தரையைத் தொடவும் கூடாது. நீளம் மிச்சமென்றால் கண்ணியை வெட்டுங்கள், கட்டையென்றால் முழுச் சங்கிலியையும் மாற்றுங்கள். டிரெயிலரும் அதில் ஏற்றும் பாரமும் சேர்ந்த முழு எடையையும் தாங்கும் என்று குறித்த சங்கிலியையும் ஷெகலையும் வாங்குங்கள். கொக்கியென்றால் நாக்கு உள்ளதாக இருக்கட்டும். போட் டிரெயிலர் உப்புத் தண்ணீருக்குள் இறங்கி ஏறுவதால் நாகம் பூசியதே நல்லது, அப்படியும் மாதம் ஒரு தடவை கண்ணியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். காணும் நானா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். வரும் போகத்துக்கு முன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். எந்தப் போகம் என்று சொல்லவில்லை. ஆகவே கற்பிட்டி வீதியில் அவருடைய டிரெயிலருக்கு எதிரே வருகிறவர்கள் தயவுசெய்து ஓரமாக வாருங்கள்.