எழுவோரை அறிதல்: பாகலூர்–பெங்களூரு வழித்தடத்தில் ஓர் ஆய்வு

திருவள்ளுவர் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் செய்தார். 71-ஆவது அரசவையில் இருப்பவர்களுக்கு, 110-ஆவது காதலர்களுக்கு. முகத்தைப் பார்த்தே அகத்தில் உள்ளதைக் கண்டுகொள்ள வேண்டிய மூன்றாவது கூட்டம் ஒன்று பிற்காலத்தில் தோன்றும் என்பதும், அது விடிந்தும் விடியாததுமாகப் பாகலூரில் ஒரு கையில் டிபன் பையும் மறு கையில் மேல்கம்பியுமாகத் தொங்கும் என்பதும் அவருக்குத் தெரிய வழியில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை நிரப்ப முயல்கிறது. உட்கார்ந்திருப்பவர்களில் யார் முதலில் எழுவார், எங்கே எழுவார், அப்போது நாம் எந்தக் கம்பியைப் பிடித்திருக்க வேண்டும் என்பவையே ஆய்வின் வினாக்கள்.

முதலில் ஆய்வெல்லை. இங்கே பாகலூர் என்பது கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூர் வட்டத்துப் பாகலூர். பெங்களூருக்கு வடக்கே விமான நிலையம் போகும் பக்கம் இன்னொரு பாகலூர் இருக்கிறது. செல்போன் வரைபடத்தில் அவசரமாகத் தேடுகிறவர்கள் நகரம் முழுவதையும் குறுக்கே கடந்து அங்கே போய் இறங்குவதுண்டு. அவர்களுக்கு இக்கட்டுரை பயன்படாது. பைக் வைத்திருப்பவர்கள் சர்ஜாபுரம் வழியாகக் கர்நாடகத்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். அவர்கள் எப்போதும் உட்கார்ந்தே போகிறவர்கள் என்பதால் விலக்கப்பட்டனர். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் போன்ற பெரிய ஆலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களும் அப்படியே. தனக்கென்று இடம் உள்ளவருக்கு இந்த அறிவு சுரப்பதில்லை.

வழித்தடத்தின் முதற்பகுதி பாகலூரிலிருந்து ஓசூர் வரை. பேரிகையிலிருந்தும் மாலூரிலிருந்தும் வருகிற பஸ்கள் பாகலூருக்கு நிறைந்தே வருகின்றன. இங்கு ஏறுபவர் பிறவியிலேயே நிற்பவர். இந்தப் பகுதியில் தொன்றுதொட்டு நம்பகமாக இருந்த சான்று டிக்கெட் வாங்கும் குரல். ‘ஒரு ஹட்கோ’ என்று யாராவது சொன்னதுமே நின்றிருப்பவர்களின் தலை அந்தப் பக்கம் திரும்பும். ஹட்கோ நிறுத்தம் ஓசூர் ஊருக்கு முன்னாலேயே வந்துவிடும். அந்த இருக்கை பொன்னானது. ‘பஸ் ஸ்டாண்டு’ என்ற குரலை எவரும் மதிப்பதில்லை. ஆனால் இரண்டு காரணங்களால் இச்சான்று மெலிந்துவருகிறது. ஒன்று, மாதாந்திர பாஸ். ‘பாஸ்’ என்ற ஒற்றைச் சொல்லால் தன் எதிர்காலம் முழுவதையும் மறைத்துவிடுகிறார் பயணி. மற்றொன்று, 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் நீங்கியது. பெண்களின் வரிசைகளில் ஊர்ப்பெயர் கூவுவது குறைந்து, கண்டக்டர் கையை நீட்டுவதும் சீட்டு கை மாறுவதுமாக வேலை முடிகிறது. திட்டத்தின் பயன்களைப் பேசியவர்கள் பலர். ஆய்வுலகுக்கு அது விளைத்த தரவு இழப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இவ்விடத்தில் ஓர் ஒப்புதல் தேவை. பெண்களின் இருக்கைகளை இவ்வாய்வு தொடவில்லை. ஆண் ஒருவர் அந்த வரிசைகளை உற்று நோக்கிக் குறிப்பெடுத்தால் விளைவு கல்விப்புலம் சார்ந்ததாக இருக்காது. அந்த இயலைப் பெண் ஆய்வாளர் ஒருவர்தான் எழுத வேண்டும். அங்கே நிகழும் நுட்பங்கள் வேறு தரத்தவை என்றும், கைக்குழந்தையை மடிமாற்றுவதில் தொடங்கும் ஒப்பந்த முறைகள் அங்கே உண்டு என்றும் கேள்வி.

ஓசூர் பேருந்து நிலையத்தில் ஆய்வு இரண்டாம் கட்டத்துக்குள் நுழைகிறது. இங்கிருந்தே புறப்படும் பஸ் கிடைத்தால் ஜன்னல் வழியே கைக்குட்டை எறிந்து இடம் பிடிக்கலாம். துண்டு போடுதல் என்னும் இம்முறை தமிழ்நாடெங்கும் நன்கு அறியப்பட்டது. புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி எனத் தெற்கிலிருந்து வருகிற பஸ்களில்தான் சிக்கல். அவற்றில் நெடுந்தூரம் வருகிறவர்கள் தலை சாய்த்துத் தூங்குவார்கள். அவர்களுக்கிடையில் அத்திப்பள்ளியிலோ சந்தாபுராவிலோ இறங்கப்போகும் ஒருவர் ஒளிந்திருக்கிறார். அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். பஸ் ஜூஜூவாடி தாண்டுவதற்குள் கண்டுபிடித்து அவர் அருகே நின்றுவிடவும் வேண்டும்.

நம் முன்னோர் அறிவைப் பெறும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுத்தனர். இதில் உரை எளிது: நேரே கேட்டுவிடுவது. ‘எங்கண்ணா இறங்குறீங்க?’ என்றோ, ‘எல்லி இளிதீரா?’ என்றோ, ‘எக்கட திகுதாரு?’ என்றோ கேட்கலாம். இந்த எல்லையில் வளர்ந்தவருக்கு மூன்றும் வரும். ஆயினும் அனுபவமுள்ளவர்கள் கேட்பதில்லை. கேட்ட கணமே உட்கார்ந்திருப்பவர் தன் இருக்கையின் மதிப்பை உணர்ந்துவிடுகிறார். அந்தப் பார்வையை அதன் பிறகு நெடுநேரம் தாங்க வேண்டும். தவிரவும், பக்கத்தில் நிற்கும் போட்டியாளருக்கும் விடை காதில் விழும்.

ஆகவே கருதலே முதன்மை. புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதுபோல், பையைக் கண்டு இறக்கத்தை ஊகிக்கிறோம். மேல் தட்டில் இருந்த பை மடிக்கு வந்தால் எழுச்சி நெருங்கிவிட்டது. ஆனால் தண்ணீர் பாட்டிலுக்காகப் பையை இறக்கி, குடித்துவிட்டு, மறுபடி மேலே வைப்பவரும் உண்டு. மணிமேகலைக்கு அறவண அடிகள் விளக்கும் ஏதுப்போலிக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இந்தச் சாலையில் இல்லை. பை இறங்கியதை மட்டும் பார்த்து இரண்டு வரிசை தாண்டி ஓடியவர்கள், பழைய இடத்தில் சாய்ந்து நிற்க இருந்த கம்பியையும் இழந்து நடுவழியில் ஆடுவதைக் காணலாம்.

கழுத்து அடையாள அட்டையும் இப்படித்தான் ஏமாற்றும். அட்டை தொங்குகிறது, ஆகவே இவர் எலெக்ட்ரானிக் சிட்டி என்று முடிவு கட்டுவது தொடக்க நிலை மாணவர் செய்வது. வீட்டில் குளித்ததும் அட்டையை மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது பூணூல். கவனிக்க வேண்டியது, பயணத்தின் நடுவில் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மாட்டுகிறவரை. அவர் எழ இன்னும் சில நிமிடங்களே. அதனினும் உறுதியானது காதொலிக் கருவியின் சிறு டப்பா ‘டப்’ என்று மூடும் ஓசை. பஸ்ஸின் இரைச்சலிலும் பயின்ற காது அதைப் பிடித்துவிடும்.

இரும்பு முனை வைத்த ஷூவும் கம்பெனிச் சட்டையும் போட்டவர் என்றால் பொம்மசந்திரா அல்லது ஹெப்பகோடி, தொழிற்பேட்டை அங்கேதான். ஆனேக்கல் பக்கம் போகிறவர் சந்தாபுராவில் எழுவார். அவர் அத்திப்பள்ளி தாண்டியதுமே குனிந்து ஜன்னல் வழியாகப் பாலங்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். பெரிய ஸ்கேன் கவரோடு, உடன் ஒருவர் துணையோடு வருபவர்கள் பொம்மசந்திராவில் நாராயண ஹ்ருதயாலயாவுக்கு இறங்கலாம். இன்னும் தள்ளி நிம்ஹான்ஸுக்கோ கித்வாய்க்கோ போகலாம். கவரில் அச்சிட்ட பெயரைப் படித்தால் தெரிந்துவிடும். அதைப் படிப்பதில்லை என்பது இந்தத் துறையில் எழுதாத நெறி. அவர்கள் இருக்கையை நம் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

இனித் தூக்கம். தூங்குபவரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது பொதுமக்கள் கருத்து. அது பிழை. வாயைத் திறந்து, கழுத்து பக்கவாட்டில் துவண்டு, பக்கத்துத் தோளைத் தன் உடைமையாகக் கொண்டு தூங்குபவர் தொலைதூரத்தவர். அவர் கடைசி நிறுத்தம் வரை நகரமாட்டார். தலை நிமிர்ந்து, கைகள் பையின் மேல் கோத்து, கண் மட்டும் மூடியிருப்பவர் நாள்தோறும் போகிறவர். இவரது தூக்கத்துக்கு நிறுத்தங்களின் பெயர் தெரியும். வேகத்தடைகளையும் திருப்பங்களையும் உடம்பே எண்ணிக்கொண்டு வந்து, சரியான இடத்தில் கண்ணைத் திறக்கும். திறந்த மறுநொடி எழுந்தும் விடுவார். முன்னறிவிப்பு கிடையாது. அவர் அருகே நம்பிக்கையோடு நிற்பது மட்டுமே செய்யத்தக்கது. அறிவு முடிந்து பக்தி தொடங்கும் இடம் இது.

வழித்தடத்தின் மிகக் கொடிய பகுதி எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் சில்க் போர்டுக்கும் நடுவில் உள்ளது. 2010-இல் திறந்த மேம்பாலச் சாலை சுமார் 10 கிலோமீட்டர் நீளம். அதன்மேல் ஏறிய பஸ் நிற்காது. குட்லு கேட், சிங்கசந்திரா, பொம்மனஹள்ளி எல்லாம் காலுக்குக் கீழே ஓடி மறையும். மேலே ஏறுமுன் எழாதவர் கீழே இறங்கும்வரை எழமாட்டார். ஆகவே ஓசூரிலேயே கண்டக்டரிடம் ‘மேலயா, கீழயா?’ என்று கேட்டுக்கொள்வது மரபு. கீழே போகும் பஸ் அரை மணி நேரம் பின்தங்கலாம். ஆனால் அதில் எழுச்சிகள் நிகழ்ந்துகொண்டே இருக்கும். மேலே போகும் பஸ் விரைவு. ஆனால் நின்றவர் நின்றவரே. காலத்தை மிச்சப்படுத்துவதா, காலை மிச்சப்படுத்துவதா என்னும் இக்கேள்வியில் அலுவலகங்களில் வருகைப்பதிவு செய்யும் இயந்திரங்கள் முதல் தரப்பையும் முழங்கால் மருத்துவர்கள் இரண்டாம் தரப்பையும் ஆதரிக்கக்கூடும்.

இவ்வளவு காலம் திரட்டிய அறிவையெல்லாம் 2025 ஆகஸ்ட் 10 கலைத்துப் போட்டது. அன்று நம்ம மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தது: ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர் சொச்சம், 16 நிலையங்கள். அதுவரை சில்க் போர்டு வரை அசையாமல் இருந்தவர்கள் திடீரெனப் பொம்மசந்திராவில் எழத் தொடங்கினர். ஷூ, சட்டை, அட்டை என்ற பழைய குறிகள் எதற்கும் கட்டுப்படாத எழுச்சி இது. போதாக்குறைக்கு ஓட்டுநர் இல்லாமலும் ஓடக்கூடிய அந்த ரயில்கள் முதலில் மூன்றே இருந்ததால் 25 நிமிடத்துக்கு ஒன்றுதான் வந்தது. எனவே கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ‘இப்போதுதான் ஒன்று போயிருக்கும், பஸ்ஸிலேயே போய்விடலாம்’ என்று எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். அரை எழுச்சி என்னும் இந்தப் புதிய வகை, நின்றவர்களிடம் ஏற்படுத்திய மனக்கலக்கத்தைத் தொல்காப்பியரின் எட்டு மெய்ப்பாடுகளில் எதில் அடக்குவது என்று தெரியவில்லை. இளிவரலும் வெகுளியும் கலந்தது எனலாம். தடத்தை ஓசூர் வரை நீட்டும் யோசனையும் பேச்சில் இருக்கிறது. அது நிறைவேறினால் சுவர் ஓரமாக எதிரெதிர் உட்காரும் பெட்டிகளுக்கு ஏற்ப எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டிவரும்.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாக. ஆனேக்கல் ரோடு, ஹீலலிகே, கார்மேலாரம் வழியாகப் போகும் ரயிலில் முகங்கள் நாள்தோறும் அவையே. யார் எங்கே இறங்குவார் என்பது வருகைப்பதிவேடு போல எல்லோருக்கும் மனப்பாடம். ஊகத்துக்கு இடமில்லாத இடத்தில் ஆய்வுக்கு வேலையில்லை.

எழுந்த இருக்கை யாருக்கு என்பது வாரிசுரிமைச் சட்டம். முதலில் ஏறியவருக்கா, அருகில் நின்றவருக்கா, முன்கூட்டியே கணித்தவருக்கா என்ற மூன்று கட்சிகள் உண்டு. நடைமுறையில் முழங்கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அவருக்கே இருக்கை. ஆனால் எழுபவர் உயில் செய்யலாம். ‘அண்ணா, நீங்க உட்காருங்க’ என்று அவர் தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டால் மேல்முறையீடு கிடையாது. நிறுத்தம் வருமுன்னே தானாக எழுபவர் மிக அரிது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் முதல் இருக்கையிலிருந்து 1939-இலும், சென்னை மாநிலத்தின் முதல் இருக்கையிலிருந்து 1954-இலும் எழுந்தவர். வட்டாரத்தில் இதற்கு நிகரான சான்று பேருந்துகளில் கிடைக்கவில்லை.

இனி இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு. மேலே சொன்ன அறிவு முழுவதும் நிற்கும் உடம்பில் மட்டுமே தங்குகிறது. உட்கார்ந்ததும் போய்விடுகிறது. ஒரு நிமிடம் முன்புவரை மூன்று வரிசைகளின் பைகளையும் ஷூக்களையும் இமைகளையும் ஒருசேரப் படித்துக்கொண்டிருந்தவர், இடம் கிடைத்ததும் ஜன்னலைப் பார்க்கிறார், செல்போனைப் பார்க்கிறார், பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைக்கூடப் பார்ப்பதில்லை. அதுமட்டுமன்று, தன்னை யாரும் படித்துவிடாதபடி பையை அணைத்துக்கொள்கிறார், அட்டையைச் சட்டைக்குள் போடுகிறார், கண்ணை மூடுகிறார். இதைத் தீய எண்ணம் என்று கொள்ளக்கூடாது. அறிவு தேவைப்படாத நிலையை அடைந்தவர் அதைக் கீழே வைத்துவிடுகிறார், அவ்வளவே.

மடிவாளா, டெய்ரி சர்க்கிள், சாந்திநகர், மெஜஸ்டிக் பகுதிகளில் எழுவோரைப் பற்றி இக்கட்டுரையில் ஏன் ஒரு வரிகூட இல்லை என்று வாசகர் கேட்கலாம். சில்க் போர்டில் ஆய்வாளருக்கு இடம் கிடைத்துவிட்டது.