மடிக்கணினி மேம்பாட்டியல்: ஓர் அறிமுகமும் ஒரு ரப்பரும்

லேப்டாப்பில் ரேம் கூட்டுவது நான்கு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய செய்தி. ஆகவே அது முனைவர் பட்ட ஆய்வுக்கு முற்றிலும் தகுதியுடையது. ஆய்வுக்களம்: சென்னை ரிச்சி தெரு. கருதுகோள்: முடிவுரை எழுதிய பின் வகுக்கப்படும்.

ரேம் இருவகைப்படும்: கழற்றக்கூடியது, கழற்ற முடியாதது. பின்னதை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள்; 2012இல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோ இவ்வகை.

கழற்றக்கூடியவற்றுள் டிடிஆர்3க்கு 204 பின், டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாதபடி வெட்டு இடம் மாறியிருக்கும். நுழையாவிட்டால் அழுத்துக என்பாரும் உளர் (கடைக்காரர் ஒருவர், வாய்மொழி). அது பாடபேதம்.

1995இல் சாஃப்ட்ரேம்95 என்றொரு மென்பொருள், சில்லே வேண்டாம், நானே ரேமை இரட்டிப்பாக்குவேன் என்று விற்பனைக்கு வந்தது. விண்டோஸ் 95இல் அது ரேமைக் கூட்டவே இல்லை. மறு ஆண்டே அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. ஒன்றும் செய்யாமல் இரு மடங்காகத் தெரிவது ஆய்வேடுகளில் மட்டும் இன்றளவும் அனுமதிக்கப்படுகிறது.

இனி ஆய்வின் உயிர்நாடி. திரை கறுத்து, லேப்டாப் பீப் பீப் என்று கத்தினால், ரேமைக் கழற்றி அதன் பொன்முலாம் பூசிய பின்களை ரப்பரால் தேய்த்து மாட்டுவார்கள். பல வேளை உயிர் வந்துவிடும். தேய்த்ததால் வந்ததா, கழற்றி மாட்டியதால் வந்ததா? தேய்ப்புவாதிகள் முன்னதே என்பர் (அதே கடைக்காரர், சற்று உரத்த குரலில்). கழற்றுவாதிகள் மறுப்பர் (எதிர்க்கடை, பில்லின் பின்புறம், இரண்டாம் பதிப்பு, டீக்கறையால் கடைசி வரி சிதைவு). தேய்ப்புவாதிகளுக்குள்ளும் வடகலை தென்கலை உண்டு: இருநிற ரப்பரில் மைப் பக்கமா, பென்சில் பக்கமா? மைப் பக்கம் சொரசொரப்பு, மெல்லிய முலாமைச் சுரண்டிவிடும், ஆகவே பென்சில் பக்கமே சிறந்தது என்பது துணிபு (வரிசையில் நின்றவர் செல்பேசியில் யாரிடமோ சொன்னது, செவிவழிப் பதிப்பு, ஆய்வாளரின் விரிவான முன்னுரையுடன்). இவ்விவாதத்துக்கு நடுவே கடைப்பையன் ரேமைச் சட்டையில் துடைத்து மாட்டினான். திரை வந்தது. மேற்கோள் எதுவும் தராததால் அவன் முறையியல் ஏற்கப்படவில்லை.

கிராஃபிக்ஸ் கார்டு: பெரும்பாலான லேப்டாப்களில் மாற்ற முடியாது. ஃப்ரேம்வொர்க் 16 போன்ற விதிவிலக்குகள் பின்னிணைப்பில், பின்னிணைப்பு அச்சில்.

ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ், தனக்கென நினைவகம் இல்லாமல் ரேமில்தான் பங்கு கேட்கிறது. ஆகவே ஒற்றை ரேமுக்குத் துணையாக இன்னொன்றைப் போட்டால் இரு தடமாகி, பல கேம்கள் வேகம் எடுக்கும். இது உண்மையாகவும் பயனுள்ளதாகவும் இருப்பதால் ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.