வாய்க்கு முன் கண்

கேள்வி: வீட்டுமனை விற்க நான்கு இளைஞர்களைப் புதிதாகச் சேர்த்திருக்கிறேன். வலுவான அணியாக்க என்ன பயிற்சி தரலாம்? (வாசகர், தாம்பரம்)

பதில்: பேச்சுப் பயிற்சி கடைசியில் இருக்கட்டும். முதலில் பத்திரம் படிக்கப் பழக்குங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் ஒப்பிட்டு, பெயரோ சர்வே எண்ணோ எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தெரியும்வரை யாரையும் மனை காட்ட அனுப்பாதீர்கள். ‘பஸ் ஸ்டாண்டுக்கு ஐந்தே நிமிடம்’ என்பவரை நண்பகல் வெயிலில் நடந்தே போய்வரச் சொல்லுங்கள். மறுநாள் சரியான கணக்கு வரும். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, ரெராவில் பதிவான மனைகளை விற்கும் முகவருக்கும் பதிவு வேண்டும். ஆளைக் கூட்டிவந்தவருக்கும் மனையைக் காட்டியவருக்கும் கமிஷன் எப்படிப் பிரியும் என்பதை இன்றே எழுதிவையுங்கள். சார்பதிவாளர் அலுவலக வாசலில் நின்று பேசினால், பத்திரம் பதிவாகும் முன்பே அணி பாகப்பிரிவினை ஆகிவிடும்.