ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஆவது எப்படி?

வாசலில் ஒரு 100 சிசி பைக் நிற்கிறது. பத்து வருஷமாக நன்றாகத்தான் ஓடுகிறது. அதுதான் பிரச்சினையே. சர்வீஸுக்கு விட்டால் ஆயில் காசு போக லேபர் தனியாகக் கேட்கிறார்கள். அதை மிச்சம் பிடிக்க உங்களிடம் இரண்டு கை இருக்கிறது, யூடியூப் இருக்கிறது, வேலை இல்லாத ஒரு ஞாயிறு இருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டுங்கள். போன மாதம் கல்யாணத்துக்கு எடுத்த வேட்டியாக இருந்தால் இன்னும் நல்லது.

1. கருவிகளை எடுத்து வையுங்கள்

கட்டிங் பிளேயர், டெஸ்டர், சுத்தியல். போதும். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கத்தான் டெஸ்டர் என்று நினைப்பவர்கள் வேலை தெரியாதவர்கள். திருப்புளி, உளி, நெம்புகோல் எல்லாம் அதுவேதான். பக்கத்து வீட்டில் ரிங் ஸ்பேனர் செட் இருக்கிறது, கேட்காதீர்கள். கேட்டால் அவரும் கூடவே வந்து உட்கார்ந்துவிடுவார். அவருக்கு வேலை தெரிந்திருந்தாலும் ஆபத்து, தெரியாவிட்டாலும் ஆபத்து. நட்டின் ஆறு முனையையும் பிளேயரால் மழுக்கி வட்டமாக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு எந்த ஸ்பேனரும் தேவைப்படாது.

2. ஆயில் மாற்றுங்கள்

எஞ்சின் அடியில் டிரெயின் போல்ட் இருக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது கழட்டினால் பழைய ஆயில் முழுக்க இறங்கும் என்று வீடியோவில் சொல்வார்கள். உண்மைதான். சொன்னவர் கையுறை போட்டிருந்ததை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஆயிலைப் பிடிக்க ஒரு பேசின் வேண்டும். சமையலறையில் இருப்பதிலேயே பெரியது மாவு கரைக்கிற பேசின். வீட்டில் இருப்பவர்கள் கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து எடுங்கள்.

புது ஆயிலுக்குக் கடைக்குப் போக வேண்டாம். மச்சான் காரில் ஊற்றியது போக மிச்சம் ஒரு லிட்டர் இருக்கும். இந்த பைக்குக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் பிடிக்கும். பைக் ஆயில் டப்பாவில் 'ஜாஸோ எம்ஏ' என்று எதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்று யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள். பைக்கின் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலில்தான் ஊறிக் கிடக்கின்றன. கார் கிளட்சுக்கு அந்த யோகம் இல்லை. அதனால் கார் ஆயிலில் வழுவழுப்புக்கென்றே சில சரக்குகளைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். அது பைக்குக்குள் போனால் கிளட்ச் பிளேட்டும் வழுக்கும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சத்தம் திருச்சிக்குப் போகும். வண்டி தெருமுனைக்குப் போகும்.

இனி போல்ட். திரும்ப மாட்டும்போது நன்றாக இறுக்குங்கள். இறுகிய பிறகும் இறுக்குங்கள். கை ஓய்ந்தால் ஓர் இரும்புப் பைப்பைச் சொருகி இறுக்குங்கள். போல்ட் இரும்பு, எஞ்சின் அடிப்பாகம் அலுமினியம். யார் ஜெயிப்பார் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். சட்டென்று போல்ட் லேசாகச் சுற்றத் தொடங்கினால் மரை போய்விட்டது என்று அர்த்தம். பதறாதீர்கள். வீட்டில் எம்-சீல் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் நின்றது ஆயிலில் நிற்காதா?

நிற்காது. ஆனால் அது நாளைக்குத்தானே தெரியும்.

3. டாப்பெட் சத்தத்தை ஒழியுங்கள்

'டிக் டிக்' என்று எஞ்சின் தலையிலிருந்து ஒரு சத்தம் வருகிறதே, அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவாக ஓர் இடைவெளி விட வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஃபீலர் கேஜ் வைத்துத்தான் அளக்க வேண்டும். உங்களுக்குக் காது எதற்கு இருக்கிறது? சத்தம் நிற்கும் வரை திருகுங்கள்.

சத்தம் அடியோடு நின்றுவிடும். வால்வு இனி முழுசாக மூடாது, கம்ப்ரெஷன் நிற்காது, கிக்கரை மிதித்தால் தடையே இல்லாமல் கீழே இறங்கும். "பாத்தியா, எவ்ளோ லேசா ஆயிடுச்சு!" என்று வீட்டில் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

4. ஸ்டார்ட் ஆகவில்லையா?

பிளக்தான் காரணம். எப்போதும் பிளக்தான். கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தரையில் இரண்டு தட்டுத் தட்டி, மரை பிடிக்கிறதோ இல்லையோ கோணலாகவே ஏற்றுங்கள். அந்தத் தலையும் அலுமினியம்தான், நினைவிருக்கட்டும்.

அப்படியும் கிளம்பாவிட்டால் தெருப் பையன்களைக் கூப்பிட்டு, செகண்ட் கியர் போட்டுத் தள்ளச் சொல்லுங்கள். கிளட்சை விட்டதும் கார் ஆயிலில் குளித்த பிளேட்டுகள் வழுக்கிக்கொண்டு போகும். எஞ்சின் சுற்றாது, பையன்கள்தான் சுற்றுவார்கள். ஆளுக்கொரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுங்கள். மிச்சம் பிடித்த லேபரில் முதல் செலவு.

வண்டி நிற்கட்டும். ஓடாத வண்டியில் வேலை பார்ப்பது இன்னும் வசதி.

5. செயின்

இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவே செயின் சுமார் 25 மில்லிமீட்டர் ஏறி இறங்க வேண்டும். உங்களுக்கு எதுவுமே தொளதொளவென்று இருந்தால் பிடிக்காது. கொடிக்கயிறு மாதிரி இழுத்துக் கட்டுங்கள். பின்னால் ஒருவர் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது அது இன்னும் இறுகி, வீல் பேரிங்கில் ஆரம்பித்து கியர்பாக்ஸ் வரைக்கும் நலம் விசாரிக்கும். மேலே கிரீஸை அப்பிவிட்டால் ரோட்டு மணல் முழுக்க அங்கே வந்து ஒட்டிக்கொண்டு, உப்புத்தாள் வேலையை உங்களுக்குப் பதிலாகத் தானே செய்யும்.

6. கரண்ட் வேலை

இது ரசனை உள்ளவர்களுக்கான கட்டம். கம்பெனி கொடுத்த 35 வாட் பல்பு மின்மினி மாதிரி இருக்கிறது என்று சொல்லி 100 வாட் மாட்டுங்கள். சென்னையில் இருந்தால் ஜி.பி. ரோட்டுக்குப் போய் இரண்டு எல்இடி விளக்கும் லாரி ஹாரன் ஒன்றும் சேர்த்து வாங்கி வாருங்கள். ரிலே வேண்டுமா என்று கடைக்காரர் கேட்பார். அவருக்கு வியாபாரம், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இருக்கிற வயரைப் பல்லால் கடித்து உரித்து, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். 3 ஆம்பியர் போன வழியில் 8 ஆம்பியர் போகும். வயர் சூடாகும், மழைக்காலத்தில் கைக்கு இதமாக இருக்கும்.

ஃபியூஸ் போனால்? போகத்தான் செய்யும், அதன் வேலையே அதுதான். சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றி உள்ளே செருகுங்கள். இனிமேல் ஃபியூஸ் போகவே போகாது. அதற்குப் பதிலாக வயரிங் போகும், அதன்பின் சீட்டு.

7. அழகு பாருங்கள்

சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பை உருவிப் போடுங்கள். வண்டி என்றைக்காவது ஸ்டார்ட் ஆனால் கைக்குழந்தை இருக்கிற வீட்டின் முன்னால் முறுக்கிப் பாருங்கள். குழந்தை அழுதால் ட்யூனிங் சரி. கண்ணாடிகளைக் கழட்டுங்கள், பின்னால் வருகிறவர்களைப் பற்றி உங்களுக்கென்ன கவலை. சாரி கார்டு ஸ்டைலைக் கெடுக்கிறது; சேலை கட்டி உட்காருபவரிடம் மட்டும் கேட்காமல் கழட்டுங்கள். மட்கார்டை அறுத்துவிட்டால் ஐப்பசி மழையில் முதுகில் ஒரு கோடு வரும், கேட்காமலேயே கிடைக்கும் டிசைன்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் மாற்றியமைத்த 182ஏ பிரிவைப் பற்றி யாராவது பயமுறுத்துவார்கள். அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'மாற்றம் ஒன்றுக்கு' என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வாருங்கள். தொகை பைக்கின் விலையைத் தாண்டும்போது வேலை முடிந்தது என்று தெரிந்துகொள்ளலாம். பல ஊர்களில் பிடித்த சைலன்சர்களையெல்லாம் நடுரோட்டில் அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். உங்களுடையதும் அந்த வரிசையில் போனால் வீடியோ எடுக்க மறக்காதீர்கள்.

8. மிச்சம் விழுந்த நட்டுகள்

மூன்று நட்டு, ஒரு வாஷர், ஒரு ஸ்பிரிங். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வையுங்கள். ஸ்பிரிங்கை மட்டும் இரண்டாம் தடவை பார்க்காதீர்கள், தூக்கம் போய்விடும்.

9. மெக்கானிக்கிடம் போவது

இதுதான் கடினமான கட்டம். நண்பரை அவர் பைக்கில் பின்னால் வரச் சொல்லி, உங்கள் வண்டியைக் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டே கடை வரை வரவையுங்கள். மெக்கானிக் எதுவும் பேசமாட்டார். குனிந்து எம்-சீலைப் பார்ப்பார், நிமிர்ந்து உங்களைப் பார்ப்பார்.

"யாரு சார் கை வெச்சது?"

"யாரும் கை வெக்கலண்ணே. நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு."

இதைச் சொல்லும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். நகக்கண்ணில் கரி இருக்கிறது. அவர் வால்வு, வயரிங், கிளட்ச் பிளேட், மரை புதுசாகப் போடுவது என்று பீடிக்கட்டு அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டும்போது குறுக்கே பேசாதீர்கள். கூட்டி முடித்ததும் லேபரில் கை வையுங்கள். பாதி நட்டை நீங்களே கழட்டிக் கொடுத்திருக்கிறீர்கள், அதற்காவது ஒரு நூறு ரூபாய் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.